ஏறாவூரில் மிஞ்சிய தட்டு

1975 இல் கொழும்பில் அழுத்தப்பட்ட முந்நூறு இசைத்தட்டுகளில், ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வினாயகமூர்த்தி தன் கையாலேயே உடைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. கண்ணகி அம்மன் கோயில் வீதியில், ஊர் பார்த்து நிற்க, உலக்கையால் இடித்து உடைத்தார். துண்டுகளை வாவியில் கொட்டினார்கள்.

'நீலவாவி' இசைக்குழுவில் நாலு பேர், செங்கலடிச் சந்தியில் ஒன்றாகத் திரிந்தவர்கள். வினாயகமூர்த்திதான் பாட்டும் கிற்றாரும். தட்டின் ஒரு பக்கத்துக்கு பைலா ஒன்று தயாராக இருந்தது. மறுபக்கத்துக்குப் பாட்டு இல்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் நேரம் ஓடியது. சின்ன வயது முதல் காதில் ஊறிய குளிர்த்திப் பாட்டை எடுத்து, கிற்றாரும் ட்றம்மும் சேர்த்துப் பாடிவிட்டு வந்தார்கள். வைகாசியில் கோயில் கதவு திறந்து, சடங்கின் கடைசி நாளில் அம்மனின் சூடு தணியப் பாடுவது அது. வேறு நாளில் அதை யாரும் வாயில் எடுப்பதில்லை. இவர்கள் பாடியது மாசியில். பங்குனியில் ஊருக்குள் அம்மன் வருத்தம் வந்தது, வீட்டுக்கு வீடு கொப்புளம். அதற்குப் பிறகு யாரும் விளக்கம் கேட்கவில்லை. தட்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். வினாயகமூர்த்தி இனிக் குளிர்த்தி பாடக்கூடாது, வெளிவீதியில் நின்று கும்பிடலாம் என்று தீர்ப்பானது.

பக்கத்து ஊரான ஏறாவூரில் இருந்த கச்சி முகம்மதுவின் ரேடியோக் கடை ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பயிற்சிக்கு ஒலிபெருக்கி இரவல் தந்த மனிதர் என்று முதல் தட்டை அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். கோயில்காரர்கள் ஊருக்குள் மட்டும்தான் தேடினார்கள். உடைத்தவரும் ஊருக்குள் மட்டும்தான் நினைத்தார்.

ஐம்பது வைகாசி வெளிவீதியில் போனது. கூட்டாளிகளில் இருவர் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் போன இடம் தெரியாது. ஒருவர் கனடாவில் இறந்தார். வினாயகமூர்த்தி பஸ் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றார். கடந்த தையில் அவருடைய மச்சான் நல்லரத்தினம் கோயில் வண்ணக்கராக வந்து, நிர்வாகம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஊர்க்கூட்டத்தை இணங்கவைத்தார். இந்த முறை குளிர்த்தி பாடுவது வினாயகமூர்த்தி. அன்று முதல் அவர் ஐஸ் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்.

சித்திரையில் நல்லரத்தினம் கைப்பேசியோடு வந்தார்.

"கட்டாரில இருந்து மகன் அனுப்பினவன். கேள்."

கேட்டார். கிற்றார். பிறகு இருபத்திரண்டு வயதுக் குரல்.

"இது நீதானே?"

"ஓம்."

"எல்லாம் உடைச்ச நீயெல்லோ?"

"உடைச்சன்."

"மறுகா இதென்ன? அம்மாள் ஒட்டித் தந்தவவா?"

வினாயகமூர்த்தி சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் கிடக்கு மச்சான்," என்றார் நல்லரத்தினம். "அதுதான் கரைச்சல். நம்மட பொடியனுகள் மோட்டார்சைக்கிள்ள போட்டுக்கொண்டு திரியிறானுகள்."

வீடு விசாரித்துக்கொண்டு வந்தவர் கச்சி முகம்மதுவின் மகன் இஷாம். ஐம்பதைத் தாண்டியவர், கதிரையில் இருக்கவும் கூச்சப்பட்டார்.

"வாப்பா மௌத்தான பிறகு கடையை ஒதுக்கினன் ஐயா. பழைய றெக்கோட் வாங்குற ஆள் ஒருத்தர் கொழும்பில இருந்து வந்தார். பெட்டியோட குடுத்திட்டன். இது உங்கட கோயில் விசயம் எண்டு எனக்குத் தெரியாதே."

"உங்கட வாப்பாக்கும் நாங்க சொல்லல்ல மனே."

"அவருக்குச் சரியான விருப்பம் இந்தப் பாட்டில. பெருநாளைக்குப் போடுவார்."

"பெருநாளைக்கு மட்டுமா?"

இஷாம் தரையைப் பார்த்தார். "கடை திறந்த நாளெல்லாம்."

தட்டு கொழும்பில் இருந்து ஜெர்மனிக்குப் போயிருந்தது. தட்டுச் சேகரிப்பவர்கள் அதை இணையத்தில் ஏற்றி, இப்படியொரு நாட்டார் ரொக் இருந்ததே தெரியாமல் போயிற்றே என்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு நிறுவனம் புதிதாக அழுத்தப்போவதாக அறிவித்தது. வினாயகமூர்த்தியின் மகள் நிருஷா அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதினாள்: தயவுசெய்து நிறுத்துங்கள். மறுநாளே மரியாதையான பதில். உரிமை ஒலிப்பதிவுக்கூடக்காரரின் பிள்ளைகளுடையது, அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். பாடகர் உயிரோடு இருப்பது பெரிய சந்தோசம். ஒரு பேட்டி தருவாரா?

"கண்ட நேரத்தில பாடக்கூடாத பாட்டு எண்டு எழுதினியா?"

"எழுதினன் அப்பா. அதையும் அட்டையில போடுறாங்களாம். நல்ல கதையாம்."

அதன் பிறகு அவர் எதையும் எழுதச் சொல்லவில்லை.

ஊர்க்கூட்டத்தில் ஒருவரும் ஏசவில்லை. பின்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் கேட்டார்: "இவர் அம்மாளுக்கு முன்னால வாய் திறக்கக்குள்ள, அங்கால எத்தின நாட்டில இவர்ட குரல் பாடிக்கொண்டு கிடக்கும்? எதைக் கேட்டு அவ குளிருவா?"

கூட்டம் அதோடு கலைந்தது. வெளியே வரும்போது நல்லரத்தினம் வினாயகமூர்த்தியின் தோளில் கை போட்டார்.

"இது கொஞ்சம் அடங்கட்டும் மச்சான். மறுகா பாப்பம்."

"எப்ப அடங்கும்?"

"அதை உன்ட மகளிட்டக் கேள்."

குளிர்த்தி வைகாசியில், ஒரு திங்கட்கிழமை. பாடுவதற்குச் சித்தாண்டியில் இருந்து வேறொருவர் வருகிறார். புதிய தட்டு அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வெளியாகிறது. இந்த முறை ஆயிரம்.