ஏழு பேரும் பதினோரு சட்டைகளும்

கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் மேனேஜர். நெட்டையான உடம்பு. மடியிலிருந்த ஆட்டச் சட்டைகளைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டே வந்தார். பல வருடம் கொடிகட்டிப் பறந்த அணி, போன சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அங்கே ஆடுவது அவமானம் என்று பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் முதல் ஆட்டம். பின் சீட்டில் ஆட்டக்காரர்களை எண்ணிப் பார்த்தேன், நான்கே பேர். ஏழு பேராவது இல்லாவிட்டால் ஆடவிட மாட்டார்கள்.

"குமுளி டீம்ல உங்களைக் கூப்பிட்டாகளாமே, போயிருக்கலாம்ல?" என்றேன்.

"என் கையில இருக்கையிலதான்யா இறங்குச்சு. விட்டுட்டு எங்கன போக?"

மேகமலையிலிருந்து இன்னும் மூன்று ஆட்டக்காரர்கள் ஜீப்பில் இறங்கிவந்து சின்னமனூரில் ஏற வேண்டும். ஜீப்பைக் காணோம்; பேருந்து அவர்களுக்காக நின்றுகொண்டிருந்தது.

"என்ன மேனேஜரே, என் பஸ்ஸையும் செகண்ட் டிவிஷனுக்கு இறக்கிருவீக போல" என்றார் கண்டக்டர். மேனேஜர் சிரித்தார். நான்தான் ஜன்னல் வழியாகச் சாலையை எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஜீப் வந்தது; மூவரும் ஓடிவந்து ஏறினார்கள்.

அவர் மடியிலிருந்த சட்டைகளை எண்ணினேன். "ஏழு பேருக்குப் பதினோரு சட்டை எதுக்கு?"

"ஒதுங்குன பயலுக வேடிக்கை பார்க்க வருவாய்ங்கய்யா. பார்த்துக்கிட்டுச் சும்மா நிக்க முடியாது அவிய்ங்களால."

தேனியில் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிவந்த நான், அதை விட்டுவிட்டு அவர்களோடு மைதானத்துக்குப் போனேன். வேலியோரம் நின்ற கூட்டத்தில் அந்த நாலு பேர் யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.