டீச்சர் வரிசை நட்சத்திரங்கள்

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குக் கையும் காலும்தான் இலக்கணப் புத்தகம்.

நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்து நடந்தபடி "நடக்கிறேன்" என்பாள். சட்டென்று நிற்பாள். தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து "நடந்தேன்" என்பாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் அப்படியே நடந்து, நின்று, திரும்பிப் பார்ப்பார்கள். எவனாவது "விழுத்தேன்" என்று சொன்னால் திட்டமாட்டாள். "எங்கடா, மெதுவா விழுந்து காட்டு" என்பாள். அவன் விழுந்து எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டே "விழுந்தேன்" என்று சரியாகச் சொல்லிவிடுவான்.

காலையில் முதல் வேலை 'நேற்று' வாக்கியம். ஒவ்வொருவரும் நேற்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் சுவரில் தொங்கும் அட்டையில் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம். ஒரு காலத்தில் ஒருவன், "நேற்று நான் புலியைக் கடித்தேன்" என்று ஆரம்பிக்க, அடுத்தவன் சிங்கத்தைக் கடிக்க, வகுப்பே காடாகிவிட்டது. அன்றைக்கே டீச்சர் சட்டம் போட்டாள்: "நெஜமா நடந்ததுக்குத்தான் நட்சத்திரம். பொய்க்குக் கிடையாது."

அட்டையின் முதல் வரிசை டீச்சருடையது. முதல் வாக்கியமும் அவளுடையதுதான். "நேற்று என் மகள் வந்தாள். நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம்." "நேற்று என் மகள் எனக்குத் தலை வாரிவிட்டாள்." பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு நட்சத்திரம் ஒட்டுவார்கள். வகுப்பிலேயே நிறைந்து வழிந்த வரிசை அதுதான்.

அத்தனையும் பொய்.

பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர்கூட நம்பியிருந்தாள். "கொடுத்து வச்சவங்க அக்கா நீங்க. என் பொண்ணு ஒரே வீட்டுல இருக்கா, என் பக்கம் எட்டிப் பாக்குறதில்ல. அவளைப் பாக்க நான்தான் மனு போடணும்!" என்று சிரிப்பாள். டீச்சரும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வீட்டு வாசல் வரை கொண்டுபோய், செருப்போடு கழற்றி வைத்துவிடுவாள்.

கணவர் போன பிறகு கண்ணுக்குள் வைத்து வளர்த்த ஒரே மகள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை, தான் விரும்பியவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்ல வந்தாள். "என்னைக் கேக்காம முடிவெடுத்தவளுக்கு இங்க என்ன வேலை?" என்று டீச்சர் கதவைச் சாத்தினாள். வெளியே "அம்மா, அம்மா" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை.

மறுநாள் காலை வகுப்பில் நின்றபோது வேறு எதுவும் வாயில் வரவில்லை. "நேற்று என் மகள் வந்தாள்" என்றாள். அது உண்மைதான். "அப்புறம் டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அப்புறம் நடந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. பொய் அங்கே பிறந்தது. வருடா வருடம் புதுப் பிள்ளைகள்; பழைய பொய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்க முடியும்?

இந்த வருடம் பாதியில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். பெரிய வட்டக் கண்ணாடி போட்டிருந்ததால் முதல் நாளே 'கண்ணாடி' ஆகிவிட்டாள். டீச்சர் வீட்டுக்கு எதிர் மாடியில்தான் குடிவந்திருந்தார்கள். டீச்சருக்கு அது தெரியாது.

அன்று டீச்சர், "நேற்று என் மகள் வந்தாள். நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம்" என்று தொடங்கிவைத்தாள். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்து, கண்ணாடியின் முறை வந்தது. அவள் எழுந்து, தோளுக்குப் பின்னால் ஒழுங்காகத் திரும்பிப் பார்த்து, கணீரென்று சொன்னாள்.

"நேற்று டீச்சர் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே தனியாகச் சாப்பிட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்."

"ஏய், டீச்சரோட பொண்ணு வந்தாங்கடி!" என்று அதட்டினாள் வகுப்புத் தலைவி. அவளுக்குப் பட்டப்பெயர் 'பெரிய மனுஷி'.

"யாருமே வரல. நான் தினம் பாக்குறேனே," என்றாள் கண்ணாடி, குற்றம் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

அறுபத்து நான்கு கண்கள் டீச்சரை நோக்கின. ஒரு வார்த்தை போதும். 'உட்காரு' என்று அதட்டினால் போதும். குழந்தை பொய்க்காரி ஆகிவிடுவாள், டீச்சர் தப்பித்துவிடுவாள். அவள் உலகத்தில் மிச்சமிருந்த மனிதர்களே இந்த முப்பத்திரண்டு பேர்தான். அவர்களையும் இழப்பதா?

டீச்சர் அட்டையருகே போனாள். கண்ணாடியின் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். பிறகு தன் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள். நகத்தில் தங்கத் துணுக்குகள் ஏறின.

"அது நல்லா ஒட்டியிருக்கு டீச்சர், கிழியும்," என்றாள் பெரிய மனுஷி, அழுகிற குரலில்.

"கிழியட்டும்மா."

அன்று மாலை, மனப்பாடமாகவே இருந்த அந்த எண்ணை அழுத்தினாள். நான்கு முறை மணி அடித்த பிறகு எடுத்தது மகள் இல்லை. "அம்மா குளிக்கிதா," என்றது ஒரு மழலை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பேச்சைத் திருத்தியவளுக்குத் தன் மகள் வீட்டில் ஒரு குழந்தை பேசக் கற்றுக்கொண்டதே தெரியவில்லை! பேச வாயெடுத்தாள், குரல் வரவில்லை. அந்தப் பக்கம், "யாருடி போன்ல?" என்று மகளின் குரல். "தெய்யாது," என்றது குழந்தை. போன் வைக்கப்பட்டது.

மறுநாள் டீச்சர் சொன்னாள்: "நேற்று என் மகள் வீட்டுக்குப் போன் செய்தேன். பேசவில்லை."

பெரிய மனுஷி விசாரணை அதிகாரி போலக் கண்ணாடியைப் பார்த்தாள். "நெஜமாடி?"

"நெஜம்தான். போனைக் காதுல வச்சுக்கிட்டு சும்மா நின்னாங்க."

"ஏன் பேசல டீச்சர்?"

"பயம்மா இருந்துச்சு."

"நீங்கதானே சொல்வீங்க, தப்பா வந்தாலும் வாயைத் திறந்து சொல்லணும்னு," என்றான் விழுந்து எழுந்தவன். பெரிய மனுஷி நாற்காலியில் ஏறி, கிழிந்துபோன வரிசையில் ஒற்றை நட்சத்திரத்தை ஒட்டினாள்.

அன்று மாலை டீச்சர் மறுபடி அந்த எண்ணை அழுத்தினாள். இந்த முறை "ம்" என்று வந்தது மகளின் குரல். எதிர் ஜன்னலில் இரண்டு வட்டக் கண்ணாடிகள் மின்னின.

"அன்னைக்கு நீ வந்தே," என்றாள் டீச்சர். மூன்று வருடமாகச் சொல்லாமல் விட்டதை முழுதாகச் சொன்னாள். "நான்தான் கதவைச் சாத்தினேன்."

மறுமுனையில் எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை. ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டும் ஓசை.

அடுப்பில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. டீச்சர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. மகளும் வைக்கவில்லை.