வெந்தய டின்னுக்கு அடியில் இருந்த அனாலிசிஸ்

போன வாரம் பக்கத்து வீட்டு யாமினி என் வாசலில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் சுங்கை பினாங் பிளாட்டில் இந்த மூலையில்தான் போன் லைன் நன்றாக எடுக்கிறதாம். யூனிவர்சிட்டியில் கணக்குப் படிக்கிற பெண். அடுத்த வருடத்துக்கு என்னென்ன பாடம் படிக்கப் போகிறாள் என்று அன்றைக்குப் பதிந்தாக வேண்டுமாம். படிக்கிற பிள்ளையாயிற்றே என்று ஒரு கப் தே, பால் ஊற்றிய தேநீர்தான், கலக்கிக் கொண்டுபோய் வைத்தேன். அதில் ஆடை படிவதற்குள் எழுந்துவிட்டாள்.

"முடிஞ்சிருச்சி ஆன்ட்டி."

"என்னா முடிஞ்சிருச்சி?"

"பாடம்லாம் எடுத்துட்டேன்."

"எதெல்லாம் எடுத்த?"

அவள் போனைத் திரும்பப் பார்த்தாள். "சிஸ்டமே அடுக்கிக் குடுத்துரும் ஆன்ட்டி. நம்ம ஓகே குடுத்தா போதும்லா."

"வீட்ல கேட்டியா?"

"அவங்க எதுக்குக் கேக்கப் போறாங்க?" என்று சிரித்துக்கொண்டே தேயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். நல்ல பெண்தான், குறை சொல்லவில்லை. கப்பைக் கூடக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள்.

பிறகு நான் மீன் குழம்புக்குத் தாளித்தேன். எண்ணெயில் வெந்தயம் சிவந்து வாசம் வந்ததும் என் தலைக்குள் ஒரு சொல் வந்து நின்றது. அனாலிசிஸ். நீங்கள் சிரிப்பீர்கள். தமிழ்ப்பள்ளியில் மூன்றாவதோடு நின்றவளுக்கு அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

என் மகள் பரிமளா இந்தப் பினாங்குத் தீவிலேயே இருக்கிற யூனிவர்சிட்டியில் கணக்குப் படித்தாள். அவள் அப்பா அவளுடைய பள்ளிச் சீருடையைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் நின்றுகொண்டே செய்கிற வேலையில் இருந்தேன். முதல் வருடம் எல்லாருக்கும் ஒரே பாடம். இரண்டாம் வருடத்திலிருந்துதான் வழி பிரியும். எந்தப் பாடத்தை எடுக்கிறோமோ அதுதான் அடுத்த பாடத்துக்குக் கதவு திறக்கும். ஒன்றை விட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

இதை எப்படித் திட்டம் போட்டாள் தெரியுமா? நாள்காட்டியில் கிழித்த தாள்களை நான் எறியமாட்டேன், பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே. அந்தத் தாள் ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தின் பெயரை எழுதி முன்னறைத் தரையில் பரப்பினாள். சுவரோரம் முதல் வருடம், நடுவில் இரண்டாவது, அலமாரிப் பக்கம் மூன்றாவது. ஃபேன் போட்டால் பறக்கும், போடாவிட்டால் வெந்து போவோம். அதனால் என் அடுப்படி டின்களை எல்லாம் கொண்டுவந்து ஒவ்வொரு தாளின் மேலும் வைத்துவிட்டாள். அல்ஜீப்ராவின் மேல் கடுகு. டோப்பாலஜியின் மேல் புளி. நட்டநடுவில் அனாலிசிஸ், அதன் மேல் வெந்தயம். அந்த ஒரு வாரமும் நான் சமைப்பதற்கு அவளிடம் கேட்டுத்தான் வெந்தயம் எடுக்க வேண்டியிருந்தது.

"அம்மா, எடுத்துட்டு அதே எடத்துல வையி. அது போனா எல்லாம் போச்சி."

"அப்படி என்னாடி அதுல இருக்கு?"

"நம்பரே இல்லாத கணக்கும்மா."

"நம்பரே இல்லாம என்னா கணக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு இன்னொண்ணுகிட்ட நெருங்கிக்கிட்டே போகும். ஆனா போய்ச் சேராது. அது ஏன், எப்படின்னு படிக்கிறது."

"மழ நாள்ல எங்க ஃபேக்டரி பஸ்ஸு மாதிரியா?"

"அதே மாதிரிதான்" என்றாள். என்னைக் கிண்டல் செய்தாளா, உண்மையாகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன், இவள் இதைத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் எங்கள் வீட்டில் முடிவு செய்ய இன்னொருவர் இருந்தார். என் அண்ணன். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் வீடு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு பிள்ளைக்குக் காது கூடக் குத்தமாட்டோம். படிப்பு என்றால் விடுவாரா? ஃபெர்ரி ஏறி வந்து இறங்கினார். உள்ளே காலெடுத்து வைத்தவர் நேராக டோப்பாலஜியை மிதித்தார்.

"என்னா இது, வீடா பசாரா?"

"மாமா, காலத் தூக்குங்க" என்று பரிமளா கத்தினாள்.

அவர் உட்கார்ந்து ஒவ்வொரு டின்னாகத் தூக்கித் தாளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். பாடத்தின் பெயரையா படித்தார்? முன்பக்கத்து நாளைப் படித்தார். "இது அஷ்டமி. இதுல போயி எழுதியிருக்க. இது நம்ம ராசிக்குச் சந்திராஷ்டமம். வெளங்குமா?" பிறகு நான் சேர்த்து வைத்திருந்த தாள்களில் ஒரு சுபமுகூர்த்தத் தாளைத் தேடி எடுத்து, பெரிய பெரிய எழுத்தில் 'அக்கவுண்ட்ஸ்' என்று எழுதி, இரண்டாம் வருடத்தின் நடுவில் வைத்தார். அதன் மேல் தன் கார் சாவியை வைத்தார். அனாலிசிஸ் ஓரத்துக்குப் போய்விட்டது.

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் அப்பா தொங்காங் படகுகளிலிருந்து அரிசி மூட்டை இறக்கி முதுகு வளைந்தவர். அண்ணன் வெயிலில் காய்ந்தவர். "இவளாச்சும் ஏர்கோன்ல ஒக்காரணும் தங்கச்சி. அக்கவுண்ட்ஸ் எடுத்தா எந்த ஆபிஸும் கதவத் தொறக்கும். இந்த நெருங்கி நெருங்கிப் போற கணக்க வச்சி என்னா பண்றது? நாலு பேருகிட்டச் சொல்லவாச்சும் வெளங்க வேணாமா?"

"அவளுக்கு வெளங்குதுல்ல அண்ணே" என்றேன்.

"உனக்கு வெளங்குதா?"

"எனக்கு வெளங்கணும்னு யாரு சொன்னா? படிக்கப் போறது அவ."

அவர் ஃபெர்ரிக்குப் போனதும் அந்தச் சுபமுகூர்த்தத் தாளை எடுத்துக் கறிவேப்பிலையை மடித்து வைத்தேன். வெந்தய டின்னை மறுபடி நடுவில் வைத்தேன்.

பதிவு செய்கிற நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. அப்போதெல்லாம் பெரிய மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொரு பாடத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. அண்ணன் காலையிலேயே கடலைத் தாண்டி வந்துவிட்டார், மருமகளைத் தனியாக விடமாட்டாராம். பாடத்தைப் பற்றி அவர் சண்டை போடவில்லை. "என்னா வேணா எடு. ஆனா நேரம் பாத்துப் போடு" என்றாராம். காரை அக்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால், இவர்கள் பஸ் பிடித்துப் போய் இறங்கும்போது பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. பன்னிரண்டு வரைக்கும் கையெழுத்துக் கூடாது என்று மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் அவளை உட்கார வைத்துவிட்டார். எதிரே வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது, இவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

ராகு காலம் முடிந்து எழுந்து போனால் மேசையில் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை அல்லவா, தொழுகைக்கு மூடிவிட்டார்கள். பினாங்கில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். ராகுவை நினைத்துக்கொண்டிருந்ததில் மறந்துபோனார். மத்தியானம் திறந்தபோது அனாலிசிஸ் வகுப்பு நிறைந்துவிட்டது. அக்கவுண்ட்ஸில் இடம் தாராளமாக இருந்ததாம்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தரையில் இருந்த தாள்களை எல்லாம் வாரிச் சுருட்டியிருந்தாள். அண்ணன் நாற்காலியில் இருந்தார்.

"பாத்தியா, தெய்வமே வழி காட்டுது" என்றார்.

"தெய்வம் காட்டல அண்ணே. நீங்கதான் மரத்தடியக் காட்டுனீங்க."

"மூத்தவன்கிட்டப் பேசுற பேச்சா இது?"

"திங்கக்கெழம நான் போறேன். அவங்க பெரியவங்க யாரோ, பாத்துப் பேசுறேன்."

"உனக்கு ஏ பி சி டி தெரியாது. நீ போயி என்னா பேசுவ? போனா, நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்."

போனேன். நானும் ராகு காலம் பார்க்கிறவள்தான், இன்றைக்கும் பார்க்கிறேன். ஆனால் திங்கள் காலை எங்களுக்குக் கிடைத்த பஸ் சரியாக ராகு காலத்தில்தான் வந்தது. ஏறு என்றேன். ராகு வந்தால் வரட்டும், அவனுக்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்றேன். பரிமளா அன்றைக்குத்தான் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்தப் பாடத்தை நடத்துகிறவர் ஒரு சீன அம்மா. என்னைவிட வயது குறைவு, கண்ணாடி போட்டு ஒல்லியாக இருந்தார். அறையெல்லாம் சாக்பீஸ் தூசி. எனக்குத் தெரிந்த, சந்தையில் பேசுகிற பசார் மலாயில்தான் பேசினேன். அவர் "சுடா பெனோ" என்றார், நிறைந்துவிட்டதாம். இடம் இல்லை என்றால் நின்றுகொண்டு படிப்பாள் என்றேன். நாற்காலிக் கணக்கில்லை அம்மா, நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் இடம், அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்.

பரிமளா என் முந்தானையை இழுத்தாள். காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவள். எனக்குப் பொய் வராது. மரத்தடி, மாமன், ராகு காலம், எல்லாவற்றையும் சொன்னேன். மலாயில் ராகுவுக்கு என்ன பேர்? தெரியாது. சூரியனை விழுங்குகிற பாம்பு என்று கையால் காட்டினேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழாம் மாசம் பேய் எல்லாம் வெளிய சுத்துற மாசம்னு எங்கம்மா என்ன வீடு மாத்த விடல. அட்வான்ஸ் குடுத்த வீடு, கை விட்டுப் போச்சி" என்றார். பிறகு மகளிடம் திரும்பினார். "பேர் எழுத முடியாது. ஆனா வந்து ஒக்காரு. ரெண்டு வாரம் போகட்டும், இந்தப் பாடத்துல பாதிப் பேரு பயந்து ஓடிருவாங்க. நீ ஓடலன்னா எடம் ஒனக்கு."

அப்படியேதான் நடந்தது. ஓடினார்கள். இவள் ஓடவில்லை. முதல் பரீட்சையில் சுமாராகத்தான் வாங்கினாள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணன் சொன்னபடி தீபாவளி வரைக்கும் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். தரையில் கவிழ்ந்து படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"வந்துருச்சிம்மா."

"யாருடி?"

"யாரும் இல்ல. வந்துருச்சி." சொல்லிவிட்டு என் மடியில் தலையை வைத்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. எது வந்திருந்தாலும் அது அவளுடையது, யாரும் அவளுக்கு எடுத்துக் கொடுத்ததில்லை.

படித்து முடித்தாள், டோப்பாலஜி வரைக்கும். கோலாலம்பூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபிஸில் வேலை கிடைத்தது. நம்பர், நம்பர், நாள் முழுக்க நம்பர். ஏர்கோனும் உண்டு. செய்தி கேட்டு அண்ணன் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"அந்த நெருங்கிப் போற கணக்கு எங்க தங்கச்சி போச்சி? கடைசில நான் சொன்ன எடத்துலதான வந்து நின்னா. ரெண்டு வருசம் படிச்சாளே, அந்தப் படிப்பு சோறு போட்டுச்சா?"

"சோறு போட நான் இருந்தேனே அண்ணே" என்றேன்.

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "வாய் மட்டும் கொறையல" என்று சொல்லி இன்னொரு ஜாங்கிரி எடுத்துக்கொண்டார். அதுதான் அவர் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்கிற விதம். எனக்குத் தெரியும், நாற்பது வருடம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள், இன்சூரன்ஸ் ஆபிஸுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று. மெல்லிய குரலில், மரியாதையாக, பதிலுக்குக் காத்திருக்காமல் பிரியாணிப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் என்ன சண்டை போடுவது?

கையெழுத்துப் போட்ட அந்த மண்டபத்தில் இப்போது வரிசை நிற்பதில்லையாம். காரும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஆடி வந்த பழைய ஃபெர்ரிகளையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. பாகான் டாலாம் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவர் செய்தது தப்புதான், இன்றைக்கு வந்து நின்றாலும் முகத்துக்கு நேராகச் சொல்வேன். ஆனால் ஒன்று. ஒரு பெண் பிள்ளை இரண்டாம் வருடம் என்ன பாடம் படிக்கப் போகிறாள் என்பதற்காகக் கடலைத் தாண்டி வந்து கத்துகிற மனிதர்கள் இந்த ஊரில் இப்போது இல்லை.