அத்தான் தந்த பாட்டில்

காலி பிளாஸ்டிக் பாட்டில்களை வெட்டி அலங்கார விளக்கும் கம்மலும் செய்கிறேன். உதியன்குளங்கரையில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் என் அக்கா கணவர், சர்ச்சில் சுற்றுச்சூழல் பற்றி மைக் பிடித்துப் பேசும் மேதை. அவர்தான் ஒரு சாக்கு நிறையப் பாட்டில் கொண்டுவந்தார்.

ஒரு சோடா பாட்டிலின் அடியில் தண்ணீர் போல ஏதோ கிடந்தது.

"இது என்ன அத்தான்?"

"வெறும் வெள்ளமாக்கும் மக்கா. நீ வெட்டு."

மூடியோடு கத்தரியால் கீறினேன். மணிக்கட்டில் வழிந்தது, தீயாய் எரிந்தது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்! குழாயடிக்கு ஓடி நெடுநேரம் கழுவியதால் கொப்புளத்தோடு தப்பினேன். தெறித்திருந்தால் கண் போயிருக்கும்.

சோடா பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைத்த மகானுக்கு வெட்கமாவது வந்ததா?

"ரப்பர் ஷீட்டு அடிக்குற வீட்டுல ஆசிட் உண்டுன்னு உனக்குத் தெரியாதா? நோக்கி வெட்டணும்" என்று எனக்கே உபதேசம்.

இப்போது துளி ஈரம் மிச்சமிருக்கும் பாட்டிலையும் நான் தொடுவதில்லை. போன வாரம் அத்தான் மறுபடி ஒன்றை நீட்டினார்.

"இது சத்தியமா வெள்ளமாக்கும்."

"அப்போ ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுங்க."

மூடியைக்கூடத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.