இலவசக் கம்பைலரைப் பற்றி நான் வாய் திறந்தது

மூத்த பேரன் டொக்டர். அடுத்த பேத்தி சட்டத்தரணி. கடைக்குட்டி அபிரா சொந்தமாக மென்பொருள் எழுதுகிறாள். எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு நகைக்கடை, கணக்கு மென்பொருள் எழுத அவளுக்கு முதல் வேலை தர இருந்தது.

இன்று அங்கே போன நான், பெருமையில் முதலாளியிடம் சொன்னேன்: "பிள்ளை எழுதிறதைக் கணினிக்கு விளங்கப்பண்ணிற கம்பைலர் முழு இலவசமாம், தம்பி. அவளே தேடி எடுத்தவள்."

அவர் முகம் மாறியது. "சும்மா வாறதை நம்பி என்ரை நகைக்கணக்கை விடேலாது அம்மா. காசு குடுத்து வாங்கினது வச்சிருக்கிறவையைப் பாக்கிறன்."

என் கண் முன்னாலேயே வேறொரு கொம்பனிக்குப் போன் போட்டு, வேலையைக் கொடுத்துவிட்டார்.

அபிராவிடம் போனில் சொன்னேன். "அவையும் இதே இலவசக் கம்பைலர்தான் பாவிக்கினம், அம்மம்மா. ஆனா அவையின்ரை அம்மம்மா கடைக்குப் போறேல்லை" என்று போனை வைத்துவிட்டாள்.

பிள்ளை, கோபம் ஆறினால் உன் புதுப்படம் ஒன்றை இங்கே முகநூலில் போடு. கீழே நான் பெருமையாக ஒரு சொல்லும் எழுத மாட்டேன்.