ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வயிறு

முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அது சட்டம் மாதிரி. என்னைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. எனக்குக் கல்யாணமாகும் முன்பே அம்மா போய்விட்டாள். அண்ணன் வீட்டில் மதினிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. ஒரு வீட்டில் அடுத்தடுத்து இரண்டு பேறுகாலம் பார்க்க முடியாது என்று அண்ணன் கார்டு போட்டுவிட்டான். கார்டில் எழுதினால் போஸ்ட்மேன் முதற்கொண்டு படிப்பார் என்கிற கூறுகூட அவனுக்கு இல்லை. அதைக் கிழித்து அடுப்பில் போட்டு, அந்தத் தீயில் வெந்நீர் வைத்துக் குளித்தேன். என் கோபம் அந்த மாதிரி.

எழுபதுகளின் முதல் பாதி அது. திருவனந்தபுரத்தில் தம்பானூருக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு பருப்பு மண்டியில் வேலை பார்த்தார். வரிசையில் ஆறு வீடுகள். வீடு என்று சொல்வது மரியாதைக்கு. ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். நடுவில் சுவர்கள் உண்டு, ஆனால் ஓட்டுக் கூரை ஆறு வீட்டுக்கும் ஒன்றே. சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் மிளகாய் வற்றல் வறுத்தால் நான் தும்முவேன்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடச் சின்னவள். எனக்கு இரண்டு மாதம் பின்னால் அவளும் உண்டாகியிருந்தாள். நெடுமங்காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி, பேச்சில் பாதி மலையாளம். அவள் புருஷன் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். வீட்டுக்குச் சொல்லாமல் அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் அவளுக்கும் அப்போது தாய் வீடு கிடையாது.

ஒரு நாள் குழாயடியில் துணி துவைக்க உட்கார்ந்த நான் எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்தேன். இடுப்பிலிருந்து தொடை வரை ஒரே பிடிப்பு. யாரையும் கூப்பிட வெட்கம். அவள்தான் பார்த்துவிட்டு வந்தாள்.

"எக்கா, அனங்காதீங்க, அசையாம இருங்க. மெதுவா. என் தோள பிடிங்க." என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "பாறை மாதிரி கெடக்கே. எண்ணெ இட்டு விடணும், கேட்டியளா."

கிழக்கேகோட்டை மருந்துக்கடையில் வாங்கிய குழம்பு அவளிடம் இருந்தது. பேர்தான் குழம்பு, சோற்றில் ஊற்ற முடியாது. மூலிகை போட்டுக் காய்ச்சிய கெட்டி எண்ணெய். அதைக் கரண்டியில் சூடு பண்ணித் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். என்னை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவில் பழஞ்சேலையைச் சுருட்டி வைப்பாள். பாதத்திலிருந்து ஆரம்பிப்பாள். கணுக்கால், கெண்டைக்கால், தொடை என்று மேலே ஏறி வந்து, இடுப்பெலும்பின் ஓரத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி மெதுவாக வட்டம் போடுவாள். வயிற்றை மட்டும் அமுக்கவே மாட்டாள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்து விடுகிற மாதிரி மேலிருந்து ஒரு முறை தடவுவாள். உள்ளே இருந்தவன் அப்போது திரும்பிப் படுப்பான்.

எங்கே வலிக்கிறது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கை நேராக அங்கே போய் நிற்கும். இதெல்லாம் யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ஆரு படிப்பிக்க? எனக்கு எங்க வேதனையோ உங்களுக்கும் அங்கதானே இருக்கும்? எனக்கு எங்க தொட்டா சுகமோ அங்க தொடுகேன்."

அடுத்து நான் அவளுக்குத் தேய்த்துவிடுவேன். எனக்கு வேலையில் வேகம் உண்டு, பதம் கிடையாது. "எக்கா, இது முதுகு. ஆட்டுக்கல்லு இல்ல" என்பாள். பிறகு இரண்டு பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து எழுவோம். அப்படிச் செய்தால் இடுப்பு இளகும் என்பாள். வலி வரும்போது மூச்சை அடக்கக் கூடாது, சூடு கஞ்சியை ஊதுகிற மாதிரி வாயால் விட வேண்டும் என்று ஊதிக் காட்டுவாள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேரும் தேர் வடம் பிடிக்கியளா?" என்றார். அன்று அவருக்குச் சோறு போடாமல் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அம்மா போனபின் என் உடம்பைத் தொட்டவர்களுக்கெல்லாம் என்னிடமிருந்து ஏதாவது வேண்டியிருந்தது. இவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவள் கை முதுகில் இருக்கும்போது எனக்கு ஒரு தாய் வீடு இருக்கிறது என்று தோன்றும். தேய்த்து முடித்துக் கையை எடுத்தால் உடனே மறுநாள் மத்தியானம் எப்போது வரும் என்றிருக்கும்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினாள். வந்த அன்றே எண்ணெய்க் கையும் காலுமாக நாங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, என்ன கூத்து இது? ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு வயித்துப்பிள்ளக்காரி இருக்கதே ஆகாது. இதுல ஒருத்திய ஒருத்தி தொட்டு வேற தேய்க்கியளா?"

"நடுவுல சொவரு இருக்குல்லா அத்தை" என்றேன்.

"சொவர யாரு கேட்டா? கூர ஒண்ணுல்லா. ரெண்டுல ஒண்ணத்தான் அது தாங்கும்."

கோயிலுக்குத் தேங்காய் வாங்கும்போது குடுமியில்கூடச் சகுனம் பார்க்கிறவர்களிடம் நியாயம் பேச முடியாது. நானும் அவளும் பேசி வைத்துக்கொண்டோம். மாமியார் சாயங்காலம் பத்மநாபசாமி கோயிலுக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம் ஆகும். அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் இவள் பின்வாசல் வழியாக எண்ணெய்க் கரண்டியோடு வருவாள். எனக்கு மாமியார் சொன்னதில் துளி நம்பிக்கை இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வலி கண்டது ஒரு காலையில். ஆஸ்பத்திரியில் அவள் சொன்னபடியே ஊதினேன், அவள் சொன்னபடியே இடுப்பைத் தளர்த்தினேன். முதல் பிரசவம் மாதிரியே இல்லை என்று நர்சுகள் பேசிக்கொண்டார்கள். ஆண் பிள்ளை. அழவில்லை. கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது என்று டாக்டரம்மா என் தலைமாட்டில் நின்று சொன்னார்கள். "ஆருடேயும் தெற்றல்ல, மோளே" என்று என் நெற்றியைத் தடவினார்கள். யாருடைய தப்பும் இல்லை, மகளே. அந்த அளவுக்கு மலையாளம் எனக்குத் தெரியும்.

வெறும் மடியோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் அவள் புளியிலையும் ஆமணக்கிலையும் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரைப் பெரிய பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு வந்தாள். என் இடுப்பில் ஊற்றுவதற்கு. ஏழு மாத வயிற்றோடு அதைத் தூக்கியிருக்கக் கூடாது. மாமியார் நடையை மறித்தாள்.

"நீ தொட்டுச் செஞ்சது போதும்டி. ஒண்ண முழுங்கியாச்சு."

அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் போதும், ஒரே வரி. என் கண் அவள் வயிற்றில் இருந்தது. சேலைக்கு மேலேயே அது அசைந்தது தெரிந்தது. எனக்கு அந்த அசைவைப் பொறுக்க முடியவில்லை.

"ஒன் கைய இனிமே எந்த வயித்துக்காரி மேலயும் வைக்காத" என்றேன்.

மாமியார்கூடத் திரும்பி என்னைப் பார்த்தாள். வெந்நீர் கொண்டுவந்தவள் பாத்திரத்தை நடையில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி பண்ணிவிட்டார்கள். வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியாது என்று எத்தனையோ பேருக்கு நானே புத்தி சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிவிட்டது. பால் வற்றட்டும் என்று மாமியார் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினாள். கட்டும்போது அவள் அழுதுகொண்டேதான் கட்டினாள், அதையும் சொல்ல வேண்டும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து கரண்டிச் சத்தம் வருமா என்று காது கேட்டுக்கொண்டே இருந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் ரேடியோ வைத்திருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் உண்டானேன். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பதற வேண்டாம். ஆறாம் மாதத்திலிருந்து எண்ணெய் தேய்க்க என் வீட்டுக்காரர் கரமனையிலிருந்து ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தார். கைதேர்ந்தவள். ஒரு குறை சொல்ல முடியாது, குறை சொல்ல முடியாததே எனக்கு எரிச்சலாக இருந்தது. "எவிடயா வேதனை?" என்று தினமும் கேட்பாள். நான் இடம் சொல்ல வேண்டும். ஒருநாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அமுக்கிவிட்டோமோ என்று பாவம், அவள் பயந்துபோனாள். அவள் தொடத்தொட எனக்கு மற்றவளின் ஞாபகம்தான் பெருகியது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஏங்குகிற மாதிரி ஏங்கினேன். மானம் வெட்கமெல்லாம் அதற்குத் தெரியாது.

அவள் புருஷன் கல்லாற்றில் பொன்முடி போகிற வழியில் ஒரு டீக்கடைக்குப் போய்விட்டான் என்று குழாயடியில் கேள்விப்பட்டேன். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மலைப்பாதையில் பஸ் குலுக்கும் என்று வீட்டுக்காரர் தடுத்தார். ஏழாம் மாதத்தில் பெண்கள் எங்கே போவார்களோ அங்கேதான் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடைக்குப் பின்னால் ஆற்றங்கரைக் கல்லில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கும் முன்பு வயிற்றைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"எக்கா. இந்த வயித்தும் வெச்சிட்டா இத்தர தூரம் வந்தீங்க?"

கல்லில் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்தாள். டீ கொண்டுவந்தாள். அவள் மகள் கடையில் அப்பாவோடு இருப்பதாகச் சொன்னாள், தாய் வீட்டார் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொன்னாள். நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவே இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் நானே கேட்டேன்.

"ஒரு தடவ என் முதுகுல கை வையி."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாங்கா. நான் இப்போ ஆரையும் தொடுகதில்ல. என் தங்கச்சிக்கு வயித்திலுண்டானப்போகூட போகல. பிரசவம் கழிஞ்சு, குழந்த அழுதாச்சுன்னு கேட்ட பொறகுதான் போனேன்."

"அது கொடி சுத்தினது. ஒன் கையால இல்ல. டாக்டரம்மா சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு வருடமாக எத்தனை பொய் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது உண்மைதான்.

"அன்னைக்கே. ஆஸ்பத்திரியிலயே."

"அப்போ நான் வெந்நி கொண்டு வந்தப்போ உங்களுக்கு அறியுமா?"

"தெரியும்."

அவள் ஆற்றைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"பின்ன ரெண்டு மாசம் நான் என் வயித்துலகூட கை வெச்சதில்லக்கா. அவ உள்ள கெடந்து காலால சவுட்டுவா. நான் கைய பின்னால கட்டிட்டு நிப்பேன்."

எந்த வயிற்றுக்காரி மேலும் என்று நான் சொன்னதில் அவளும் இருந்தாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

திருவனந்தபுரம் பஸ் வந்தது. ரோடு வரை கூட வந்தாள், என் பையை அவளே எடுத்துக்கொண்டாள். பஸ்ஸின் படி உயரம். ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்தேன், மறு காலைத் தூக்க இடுப்பு விடவில்லை. அவள் எனக்கு இரண்டடி பின்னால் நின்றாள். முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட எந்தப் பெண்ணும் தயங்க மாட்டாள். நான் அப்படியே நின்று காத்திருந்தேன். அவள் பையைப் படியில் வைத்துவிட்டு, முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாளைப் பார்த்து, "சேச்சி, இவர்க்கு வயற்றிலுண்டு. ஒண்ணு பிடிச்சு கேற்றணே" என்றாள்.

அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே விட்டாள். நல்ல பலமான கை. எனக்கு வேண்டிய கை கீழே நின்றது.