எடை கிலோவில் இல்லை

திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் என்னைப் பாடாய்ப் படுத்தும் பாடம் ஒன்று உண்டு: நிறையும் எடையும். ஒரு பொருளுக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறதோ அது நிறை. கிலோகிராமில் சொல்ல வேண்டும். அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறதோ அது எடை. அதற்கு அலகு நியூட்டன். சொல்லிவிட்டால் நாலு வரி. ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் ஊரே எடையைக் கிலோவில்தான் சொல்கிறது. ரேஷன் கடையில் கிலோ. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிக்கு எடைமேடையில் டன்.

இந்த வருஷமும் பாடம் பாதியில் நின்றது. காசிமேட்டில் மீன் விற்பவரின் மகள் எழுந்தாள்.

“இன்னா மிஸ், எங்கம்மா டெய்லி எடை போட்டுத்தான மீன் விக்குது. அது கிலோ தான?”

அது உண்மையில் நிறை, பேச்சில்தான் எடை என்கிறோம் என்றேன். அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை. ஆய்வகத்திலிருந்து சுருள்வில் தராசை எடுத்து வந்தேன். உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த அது, எதையும் மாட்டாமலே அரைக் கிலோ காட்டியது. வகுப்பு சிரித்தது. நிலாவில் உன் உடம்பு இப்படியேதான் இருக்கும், ஆனால் இழுப்பு ஆறில் ஒரு பங்குதான், அதனால் எடை குறையும் என்றேன். நிலாவுக்கு யார் போகப்போகிறார்கள் என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். எரிச்சலில் சாக்பீஸைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மணி அடித்தபிறகு மீன்காரம்மாவின் மகள் மட்டும் மேஜையருகே வந்து நின்றாள். அவள் பையையே கையில் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். கையைக் கீழே இழுக்கிறதே, அதுதான் எடை என்றேன்.

“அப்ப உள்ள கீறது வேற, இழுக்கிறது வேறயா மிஸ்?”

ஆமாம் என்றேன். இத்தனை நாள் கத்தியதற்கு ஒருத்திக்காவது புரிந்துவிட்டது. ஒரு கிலோவைப் பூமி ஏறக்குறையப் பத்து நியூட்டன் பலத்தில் இழுக்கிறது என்றும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் தன் கிலோவைப் பத்தால் பெருக்கி, தோழிகளுக்கெல்லாம் தன் எடையை நியூட்டனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கல்வி அதிகாரி ஒருவர் தலைமையாசிரியையுடன் வகுப்பைப் பார்வையிட வந்தார். என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டுவிட்டு, அவளைப் பார்த்து உன் எடை எவ்வளவு என்றார். அவள் நிமிர்ந்து நின்று, முந்நூற்றைம்பது நியூட்டன் என்றாள். அவர் சிரித்தார். “கிலோவுல சொல்லும்மா, நீ என்ன யானைக்குட்டியா?” வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அவள் சொன்னதுதான் சரி என்று நான் குறுக்கிட்டேன்.

“அதெல்லாம் புத்தகத்துக்கு மேடம். நான் சாதாரணமாத்தான் கேட்டேன்” என்று சொல்லி அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். பின்னாலேயே போகக் கிளம்பினேன். தலைமையாசிரியை கண்ணாலேயே என்னை நிறுத்தினார். அவள் அந்தப் பீரியட் முழுக்கத் தலை நிமிரவில்லை.

மாதத் தேர்வில் எடையின் அலகைக் கேட்டிருந்தேன். கிலோகிராம் என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டு, உனக்குத் தெரியுமே என்றேன்.

“தெரியும் மிஸ். அந்த சாரு சிரிச்சாரே. அவருதான பெரியவரு.”

தப்புப் போடாமல் இருக்க முடியாது. போட்டு, பக்கத்தில் நியூட்டன் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள், சரி மிஸ் என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.